பச்சை மை

– என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் வேணும் சார். பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, பி.எட். நாலும்.

– பியூலா, இன்னா இது? இந்த ரூம்ல அந்தப் பேச்சே வரக்கூடாதுன்னு சொல்லி வெக்கலியா நீ?

– சேர்ந்த அன்னைக்கே சொன்னேன் சார். சந்திரிகா மிஸ், லீவு கேளுங்க, கிளாஸ் மாத்தச் சொல்லிக் கேளுங்க, அதை மட்டும் கேக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

– அக்கா மேல தப்பில்ல. நான்தான் கேக்கறேன்.

– இன்னாமா பேஜார் பண்றே? கீழ பசங்க ஒத்திகைக்கு அட்டையைப் புடிச்சிகினு வெயில்ல நிக்குதுங்க. நாளைக்கு மனித உரிமை நாள், பெரிய பெரிய ஆளுங்க வராங்க. நீ இங்க வந்து நிக்கிறே.

– அந்த அட்டையாலதான் சார் வந்தேன். ‘யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது’ன்னு எழுதின அட்டை ஆறாம் வகுப்பு ஜெரூஷா கையில இருக்கு. ‘மிஸ், அப்படி யாரையாவது நீங்க பாத்திருக்கீங்களா?’ன்னு கேக்கறா. தினமும் கண்ணாடியில பாக்கறேன்னா சொல்றது?

– உன்னை யாரு கட்டி வெச்சிகினு கீறாங்க? வேலை வேணான்னா போயிகினே இரு.

– சர்டிபிகேட் இல்லாம எங்க சார் போறது? வெள்ளிக்கிழமை செங்கல்பட்டுல வெரிபிகேஷன். ஒரிஜினல் காட்டலைன்னா கவர்மென்ட் வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும்.

– அது தெரிஞ்சுதான் சொல்றேன். சேரும்போது சொன்னபடி மூணு வருஷம் முடி, அப்பால பாக்கலாம். உன் பேப்பரை நான் இன்னா துன்னுட்டனா? பீரோவுல பத்திரமா கீது.

– எங்கம்மா எல்லம்மா செங்கல் சூளையில ஏழு வருஷம் கெடந்தாங்க. அவங்க ரேஷன் கார்டு சூளைக்காரர்கிட்ட. அவரும் ‘பத்திரமா இருக்கு’ன்னுதான் சொன்னாரு.

– சூளையும் ஸ்கூலும் ஒண்ணா? எங்க தாத்தா நெல்லு வெளஞ்ச நெலத்துல கட்டின ஸ்கூலும்மா இது!

– ஒண்ணு இல்ல சார். அங்க காலையில பிரேயர் கிடையாது.

– மெதுவா, மிஸ், மெதுவா...

– எவ்ளோ மெதுவாக்கா? கிளார்க்கா சேரும்போது குடுத்த உங்க சர்டிபிகேட் அந்த பீரோவுக்குள்ள போயி பதினாலு வருஷம் ஆச்சு.

– பியூலாவ ஏன் இழுக்கறே? அது நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி.

– வூட்டுப் பொண்ணு பேப்பரைப் பூட்டியா சார் வைப்பாங்க? இந்தாங்க லெட்டர், ரெண்டு காப்பி.

– ‘என் சான்றிதழ்களைத் திரும்பப் பெறுவது என் உரிமை’. அடேங்கப்பா! இன்னா தோரணை! இந்த உரிமையை அடிச்சிட்டு ‘தயவுகூர்ந்து’ன்னு எழுது. யோசிக்கிறேன்.

– தயவுல நான் படிக்கல சார். பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுல ஏழாவது மாடி, லிப்ட் ஓடாது. மாடிப்படி லைட்டுல உக்காந்து படிச்சேன். எங்க வம்சத்துக்கே அந்த ஒரு டிகிரிதான்.

– அப்ப கெடையாது. போ.

– வாயால சொன்னா எப்படி சார்? லீவு லெட்டர்லேருந்து சாக்பீஸ் லெட்டர் வரைக்கும் எல்லாத்துலயும் பச்சை மையில நாலு வரி எழுதுவீங்க. நான் கேட்டா மட்டும் எழுத மாட்டீங்களா?

– இந்த முனிரத்தினம் எழுதறதுக்குப் பயப்படுவான்னு நெனச்சியா? பியூலா, பேனாவ எடு. கேட்டுக்கோ, படிச்சிகினே எழுதறேன். ‘இவரது நான்கு அசல் சான்றிதழ்களும் நிர்வாகத்தின் பாதுகாப்பில் உள்ளன. மூன்று ஆண்டுகள் முடியும் வரை தர இயலாது. தாளாளர்.’ போதுமா? ரெண்டுலயும் போட்டாச்சு. பியூலா, சீல் குத்து.

– குத்திட்டேன் சார். தேதியும் போட்டுட்டேன்.

– ஒண்ணை அதுகிட்ட குடு. பிரேம் போட்டு மாட்டிக்கட்டும்.

– தேங்க்ஸ் அக்கா. ரொம்ப தேங்க்ஸ் சார்.

– இன்னா சிரிக்கிறே?

– சேரும்போது எங்கிட்டேருந்து சர்டிபிகேட் வாங்கினப்ப ஒரு துண்டுச் சீட்டு குடுத்தீங்களா சார்?

– யாருக்குமே குடுக்கறதில்ல. அதுக்கு இன்னா இப்ப?

– திங்கக்கிழமை மனு நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டேன். ‘நாங்க வாங்கவே இல்லன்னு ஸ்கூல்ல ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்களே, வாங்கினதுக்கு எழுத்துல ஏதாவது இருக்காம்மா?’ன்னு கேட்டாங்க.

– ஏய்... அந்தப் பேப்பரைக் குடு இங்க. பியூலா! கதவைச் சாத்து!

– கையெல்லாம் சீல் மை சார். கதவுல ஒட்டிக்கும்.

– பியூலா!

– நீங்க கெளம்புங்க மிஸ். அஞ்சே முக்காலுக்கு கலெக்டர் ஆபீஸைப் பூட்டிடுவாங்க.

– வரேன்க்கா. சார், நான் சர்டிபிகேட் கேட்டு வரல. அது உங்ககிட்டதான் இருக்குன்னு உங்க கையால எழுதி வாங்கத்தான் வந்தேன்.