வெள்ளைப் பல்லுக்கு மை

— அந்தத் தலையை அங்கேயே வைங்க. உங்களுக்கு முன்னாடி பதினாலு தலை காத்துட்டு இருக்கு.

— காத்துட்டு இருக்கா? ஒசேன், நான் யாருன்னு தெரியுமா?

— தெரியாம என்ன? கன்ஜூரோ மகராசா! போன மாசம் ஆத்தங்கரைச் சண்டையில ஈட்டியைப் போட்டுட்டு ஓடி வந்தவரு. கோட்டையில சோறு வடிக்கிறவளுக்குக்கூடத் தெரியும்.

— நாக்கை அடக்கு. தலை கழுவுறவளுக்கு இவ்வளவு வாயா?

— தலை கழுவுறவதான். கழுவிக் கழுவி, எந்தத் தலை எப்படி விழுந்துச்சுன்னு பார்த்ததும் சொல்லிடுவேன்.

— கழுவினா மட்டும் போதாது. பல்லுக்கு மை போடணும்.

— ஓஹோ! செத்தவன் பல்லு வெள்ளையா இருக்கோ?

— மெல்லப் பேசு. மை பூசின பல்லு இருந்தாத்தான் பெரிய வீட்டு ஆளுன்னு நம்புவாங்க. மத்தியானம் பிரபு தலைகளைப் பார்வையிட வர்றாரு. வெறும் சிப்பாய் தலைன்னு ஒதுக்கிட்டா நாளையிலேருந்து நான் லாயத்துல சாணி அள்ளணும். சொல்லிட்டாங்க, புரியுதா?

— பார்த்து அள்ளுங்க. குதிரை உதைக்கும்.

— ஏய்! வாளை உருவிடுவேன்!

— உருவுங்களேன். கல்யாணம் ஆனப்பவே மை பூசியாச்சு, என் பல்லு ஏற்கெனவே கறுப்பு. உங்களுக்கு வேலை மிச்சம்.

— உன்கிட்டப் போய் வாயைக் கொடுத்தேன் பாரு! முதல்ல சேத்தைக் கழுவு. நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிறேன்.

— வெட்டினவருக்குப் பார்க்கப் பயமா?

— கண்ணைத் திறந்துக்கிட்டே செத்துட்டான், சனியன். கழுவுடி.

— முகமெல்லாம் ஒரே சேறு. வயல்ல போட்டுப் புரட்டினீங்களா? மூக்கு எது, வாய் எதுன்னே...

— என்ன, தண்ணிச் சத்தம் நின்னு போச்சு?

— ஒண்ணுமில்ல. இவரை எங்க வெட்டினீங்க?

— இவரா? இப்பத்தான் மரியாதை வருது! மூங்கில் காட்டோரம், விடியக்காலையில. நேருக்கு நேர் நின்னு, பேரைச் சொல்லிச் சவால் விட்டான்.

— வெட்டு பின்கழுத்துல விழுந்திருக்கு.

— சரி, ஓடினான். போதுமா?

— எந்தப் பக்கம் ஓடினாரு?

— நம்ம கோட்டைப் பக்கம். பயத்துல முட்டாளுக்குத் திசைகூடத் தெரியல.

— எதிரி உடுப்பா போட்டிருந்தாரு?

— பின்னே? முதுகுல கட்டியிருந்த கொடியில முரோகா சின்னம், இம்மாம் பெருசு.

— கடைசியா என்ன சொன்னாரு?

— 'வெட்டாதே, நான் உங்க ஆளு'ன்னு கத்தினான். சாகப்போறவன் எவன்தான் அதைச் சொல்லல? ரெண்டாவது வெட்டுல வாய் மூடிருச்சு.

— ரெண்டாவது வெட்டுல.

— மூணாவதுல தலை வந்துச்சு. உனக்கெதுக்குடி இந்த விசாரணை? மை போடுவியா, மாட்டியா?

— போடறேன்.

— அட! அப்படி வா வழிக்கு.

— தாடை இறுகிக் கிடக்கு. கொஞ்சம் பொறுங்க. முடியையும் சீவிக் கட்டிடறேன். பார்க்க நல்லா இருக்கணும்.

— இது பேச்சு! தலையில கட்டுற சீட்டுல எழுது. முரோகா படைத்தலைவன் தலை, வெட்டினது கன்ஜூரோ. என் பேரைப் பெருசா எழுது, புரியுதா?

— உங்க பேரை எழுதிட்டேன். தெளிவா இருக்கு. செத்தவர் யாருன்னு எழுத வேண்டாம். பிரபுவுக்கே தெரியும்.

— பிரபுவுக்கா? இவனையா? எப்படி?

— முந்தாநாள் தன் கையாலயே ஒரு கிண்ணம் சாக்கே மது ஊத்திக் கொடுத்து, எதிரி உடுப்பை மாட்டிவிட்டு, எதிரி காவலைத் தாண்டிப் போய் உதவிப்படை கேட்டு வரச்சொல்லி ரகசியமா அனுப்பினது அவருதான். பதில் வருதா வருதான்னு வாசலையே பார்த்துட்டு உக்காந்திருக்காரு. தூக்கிட்டுப் போங்க, மகராசா. என் புருஷன் திரும்பி வந்துட்டாருன்னு சொல்லுங்க.