நூன்சியாவின் குரல்

— …ரோமுக்கு இது மௌன காலம், நூன்சியா. மழை ஓய்ஞ்சாச்சு, வசந்தம் இன்னும் வரலை. ஆத்து மேல பனி அசையாம படுத்திருக்கு. கரை மரமெல்லாம் இலையுதிர்ந்து, பூசைக்குக் காத்திருக்கிற சனம் மாதிரி தலை குனிஞ்சு நிக்குது.

— பேசாதீங்க எல்வீராம்மா. நாளைக்குத் தொண்டையில கத்தி வைக்கப் போறாங்க.

— அதுக்கப்புறம் எனக்குக் குரலே இருக்காதாம். இன்னைக்காவது பேசிக்கிறேன். ஊரே கும்பிடுற நட்சத்திரம், ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டத்தைச் சேர்த்துட்டு எதுக்கு வந்தே?

— அந்தக் கூட்டம் என் முகத்துக்கு வந்தது. வாயைத் திறந்தாக் கலைஞ்சிடும். பொட்சுவோலி ஊர்ச் சந்தையில மீன் வித்த குரல் சத்தியமா இது. முதல் படத்துல என்னைப் பேசவிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அதுலேர்ந்து என் வாய்க்கு நீங்கதான் பேசுறீங்க. சனம் என் கையில முத்தம் கொடுத்து, "தேன் குரல்"னு சொல்றப்ப உடம்பு கூசும்.

— விஷயத்துக்கு வா, பெண்ணே.

— புதுப் படத்துல கடைசிக் காட்சி பாக்கி. செத்த மகனோட தாய் பேசுற இடம். ஒலிப்பதிவுக்காரங்களை இங்கேயே கூட்டிட்டு வரேன். கிசுகிசுன்னு சொன்னாப் போதும். நீங்க பேசலேன்னா அந்தக் காட்சி செத்துடும்.

— போன வாரமே பேசிட்டேன்.

— யாரும் சொல்லலையே. எங்கே அது?

— அழிக்கச் சொல்லிட்டேன்.

— ஐயோ, ஏம்மா?

— ஒலிப்பதிவு அறை இருட்டுல, திரையில நீ. பிள்ளையோட பாதத்தைப் போர்வையால மூடுறே. செத்தவனுக்குக் குளிருமேன்னு மூடுறே. நான் பேசினேன். ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமா, அழகா விழுந்துச்சு. கோயில் பீடத்துக்கு முன்னாடி நின்னு அரட்டை அடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப நீ சொல்லு.

— என் குரல்லயா? சிரிப்பாங்க.

— சொல்லு.

— "கண்ணைத் திறடா ராசா… என்னைத் திட்டவாவது திற…"

— போதும், பெண்ணே… போதும்.

— ஏன் அழறீங்க? அவ்வளவு மோசமா?

— கதவுகிட்டப் பாரு. அங்க நின்னு கேக்குற நர்சு சிரிக்கிறாளா?

— இல்லை… சிலுவை போட்டுக்கிறா.

— இன்னைக்குத் தொண்டை காக்கிற புனித பியாஜோ திருநாள். எனக்காக மந்திரிச்ச ரெண்டு மெழுகுவத்தியைக் கன்னியாஸ்திரி வச்சிட்டுப் போயிருக்காங்க. எடு.

— இதோ. தொண்டையில சிலுவையாப் பிடிக்கிறேன், கழுத்தைக் கொஞ்சம் தூக்குங்க.

— எனக்கில்லை, அந்தக் காட்சியைப் பேசப் போற உனக்கு. என் கையில கொடு. மண்டி போடு, காலரை விலக்கு. அசையாதே… புனித பியாஜோவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆண்டவரே, இப்பப் பிறந்த இந்தக் குரலை ஒரு குறையும் அண்டாமக் காத்தருளும்.