தெற்கே கடல்

எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது, சார். கடற்கரையில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு துண்டு சாளை தின்றாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும். சின்ன வயதிலிருந்தே பயறும் பப்படமும்தான். ஆகவே கடற்கரை நிலத்தின்மேல் எனக்குப் பேராசை என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.

அபுதாபியில் எட்டு வருடம் டைல்ஸ் ஒட்டினேன். திரும்பி வந்து வீட்டுத் தரகு பார்த்தேன். கடியப்பட்டணத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் வாடகை வீடென்றாலும் கல்யாண மண்டபமென்றாலும் அல்போன்சைக் கேள் என்பார்கள். பிறகு ஊருக்குள்ளேயே ஒரு தென்னந்தோப்பை வாங்கி, மனை பிரித்து, 'சமுத்திரா கார்டன்' என்று பெயர் வைத்தேன். பதினான்கு மனை. ஒன்றிலும் வில்லங்கம் கிடையாது. அளவு ஒரு சாண் குறைந்தாலும் நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். பத்திரத்தில் பொய் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பதின்மூன்று மனை சுலபமாகப் போயிற்று. கடைசி மனையை மஸ்கட்டில் இருக்கும் டாக்டர் அபிலாஷ் கேட்டார். ஒரே நிபந்தனை, மதிலைத் தாண்டினால் கடல் இருக்க வேண்டும். அந்த மனைக்கும் கடலுக்கும் நடுவில் சிலுவையண்ணனின் வீடு இருந்தது. எழுபத்திரண்டு வயது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பெண்மக்கள் வெளிநாட்டில். முற்றத்தில் தனியாக உட்கார்ந்து வள்ளம் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். போய் நல்ல விலை சொன்னேன்.

"விக்க மாட்டேன் மக்கா. வேற என்ன வேணும்னாலும் கேளு."

கட்டன்சாயா கேட்டேன். போட்டுத் தந்தார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்திரம் எழுதும் நாராயணபெருமாளிடம் தெற்கு எல்லை கடல் என்று போடச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தெக்கால ஒரு வீடு நிக்குதில்லா? கடல்னு எப்படி எழுதுகது?"

"டாக்டர் ஆடியிலதான் வருவாரு. அதுக்குள்ள சரியாயிரும்."

மாசியில் பதிவாயிற்று. ஆக, அது பொய்ப் பத்திரம் இல்லை. கொஞ்சம் முந்திக்கொண்ட பத்திரம். எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு அதை உண்மையாக்குவது என் பொறுப்பு.

ஊர்க் கடலரிப்புத் தடுப்புக் குழுவுக்குத் தலைவர் நான்தான் என்பதால் வேலை எளிதாயிற்று. அலைத்தடுப்புச் சுவரில் சிலுவையண்ணன் வீட்டுக்கு நேரே இருந்த கல்லை மட்டும் எடுத்தேன். எடுத்த இடத்தில் மணலைத் தள்ளி, பார்வைக்கு மேலே ஒரு வரிசைக் கல்லை அடுக்கினேன். பட்டப்பகலில், ஜேசிபி வைத்து, 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று போர்டு மாட்டித்தான் எல்லாம் நடந்தது. அதைத் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள், சற்று வலிக்கிறது. சிலுவையண்ணனே வேலையாட்களுக்கு எலுமிச்சை பிழிந்து நாரங்கா வெள்ளம் கலக்கிக் கொடுத்தார். கல் போகிறதே, வரவில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்க வேலை அப்படித்தான் நடக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கல்லில்தான் சமுத்திரா கார்டனுக்கு நுழைவாயில் வளைவு கட்டினேன். திறப்பு விழாவன்று சிலுவையண்ணன் அதைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல கல்லுடே. எந்தப் பாறையில உடைச்சது?"

"பக்கத்துலதாண்ணே," என்றேன். அதிலும் பொய் இல்லை.

ஆனி கடைசியில் கடல் கேறி, அலை கரையைத் தாண்ட ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் முகாம் திறந்தார்கள். புதன்கிழமை காலை சிலுவையண்ணன் ஒரு துணிப்பையோடு என் ஆபீசுக்கு வந்தார்.

"கடலுக்க சத்தம் சரியில்ல மக்கா. பள்ளிக்கூடத்துக்குப் போகட்டா, வீட்டுல இரிக்கட்டா? நீதான் சொல்லணும்."

நீங்களே யோசித்துப் பாருங்கள். அவர் முகாமுக்குப் போனால் அந்த வீட்டுக்கு ஆபத்து என்று அதிகாரிகள் எழுதுவார்கள். சாயங்காலத்துக்குள் லாரியில் கல் வந்து இறங்கிவிடும், வீடு நின்றுவிடும். டாக்டருக்கு வெள்ளிக்கிழமை விமானம்.

"சுவரு தாங்கும்ணே. பயப்படாண்டாம், வீட்டுல இரியுங்க."

"நீ சொன்னா பின்ன என்ன," என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். என் மகள் அஜிஷாவின் பரீட்சை எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்.

வியாழக்கிழமை மதியம் இரண்டேகாலுக்குப் பத்திரம் உண்மையாயிற்று. நான் வளைவுக்குக் கீழே குடை பிடித்து நின்றிருந்தேன். முதலில் அடுக்களை போயிற்று. அப்புறம் கூரை. அவர் உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், குழுத் தலைவர் என்ற முறையில். இரண்டு தடவை. நான் போகவில்லை. போயிருந்தால் எனக்கும் ஏதாவது ஆகியிருக்கும், மறுநாள் டாக்டருக்கு மனையைக் காட்ட ஆள் இருந்திருக்காது.

டாக்டர் வந்து டேப் பிடித்து அளந்தார். மதிலிலிருந்து தண்ணீருக்குப் பதினோரு அடி. "பத்திரத்துல உள்ளபடியே இருக்கு," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தத் தொழிலில் அதைவிட நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உடல் ஒதுங்கியது. பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தது நான்தான். அழவும் செய்தேன், நடிப்பில்லை.

பிறகு நீங்கள் வந்து, வளைவின் உள்பக்கப் பூச்சைச் சுரண்டி, கல்லில் பெயிண்டால் போட்டிருந்த அலைத்தடுப்புச் சுவரின் எண்களைக் காட்டினீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கல்லை எடுத்தது நான். சுவர் தாங்காது என்று தெரிந்தே அவரை வீட்டில் இருக்கச் சொன்னதும் நான். அவர் செத்தது என்னால்தான். இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் 'நம்பியவரை ஏமாற்றினான்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்கு மட்டும் போட மாட்டேன். என் வாக்கு எப்படிப்பட்டது என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சிலுவையண்ணன் மட்டும் இருந்திருந்தால், கூப்பிடாமலே முதல் ஆளாக இங்கே வந்து எனக்குச் சாட்சி சொல்லியிருப்பார்.