ஒன்பதாவதுக்குக் கட்டிய பூ

அதுக்குத்தான் முருகையா நானும் வீட்ல கத்திக்கினு இருக்கறேன். எட்டாவது பாஸ் பண்ண எம் பேத்திக்கு இப்பவே காலேஜுப் பேச்சு எதுக்குன்னு நீ கேக்கலாம். நீ பூசாரி. அவளைப் பெத்தவன் கேக்கலாமா?

வெளக்கை அப்புறம் தொலக்கு. சரி, தொலக்கிக்கினே கேளு. வெயில் சாயறதுக்குள்ள எல்லாரும் வந்துடுவாங்க. எனக்கு நேரமில்ல.

ஒன்பதாவதுல சேரும்போதே பாடத்தைப் பிரிச்சுடறாங்கப்பா. கணக்கு, சயின்சு ஒரு பக்கம். தையலு, சமையலு ஒரு பக்கம். எந்தப் பக்கம் போனியோ, பதினொண்ணாவதுல பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் அந்தப் பக்கந்தான். அப்புறம் காலேஜு வாசல்ல போயி டாக்டர் படிப்பு குடுன்னு நின்னா, போம்மா, போயி ஜாக்கெட்டு தைன்னுடுவான். எனக்கெப்படித் தெரியுமா? நான் இன்னா படிச்சவனா? பெரியதம்பியால தெரியும்.

ஆமா, பெரிய பேரன். கடலையெண்ணெ ஆட்டற மல்லாட்டை மில்லுல மூட்டை தூக்கறானே, அவனேதான். நல்ல மார்க்கு வாங்கினவன். நானும் அவனும் பஸ் ஏறி காலேஜுக்குப் போனோம். அவன் புதுச் சட்டை, நான் வெளுத்த வேட்டி. அங்க இருந்த கிளார்க்கு மார்க்கைப் பாத்துட்டு உக்காரச் சொன்னான். அப்புறம் பாடத்தைப் பாத்தான். நெசவு எடுத்திருக்கியே தம்பி, இஞ்சினீரு ஆவணும்னா அதை ஒன்பதாவதுல இல்ல நெனச்சிருக்கணும்னான். அவ்வளவுதான். எழுந்து வந்துட்டோம். திண்டிவனத்துல பஸ் மாறும்போது வடை வாங்கிக் குடுத்தேன். பையன் ஜன்னலைப் பாத்துக்கினே வந்தான். செஞ்சியில எறங்கும்போதும் வடை அப்படியே கையில இருந்தது.

நெசவை எடுக்கச் சொன்னது யாரு? ஆத்தா சொன்னா. இங்கதான், இதே கோயில்ல. எம் பையன் துரைக்கண்ணு இருக்கானே, அவனுக்கு எதுன்னாலும் பூக் கட்டிப் பாக்கணும். வெள்ளைப் பூ வந்தா கணக்கு, செவப்பு வந்தா நெசவுன்னான். அப்ப உங்க நைனா பூசாரி. எலையில மடிச்சு ரெண்டு பொட்டலம் போட்டாரு. பையன் ஒண்ணை எடுத்தான். பிரிச்சா செவப்பரளி. முடிஞ்சுது.

ஆத்தாவைக் குத்தம் சொல்லலய்யா. மொறைக்காத. இந்தா, கன்னத்துல போட்டுக்கினேன். கெணறு வெட்டலாமான்னு கேளு, சம்பந்தம் பேசலாமான்னு கேளு, அவளுக்குத் தெரியும். கணக்கா நெசவான்னு கேட்டா அவ இன்னா பண்ணுவா? அவ எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனா?

இப்ப சின்னது மீனம்பாளுக்கும் அதே கதை. டீச்சரம்மா வீட்டுக்கே வந்து சொல்லிச்சு. ஐயா, இந்தப் பொண்ணைத் தையல்ல போட்டுடாதீங்க, டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுது, திங்கக்கெழமை பேர் குடுத்தாவணும்னு. துரைக்கண்ணு தலையைத் தலையை ஆட்டினான். டீச்சரம்மா தெரு முனை தாண்டல, மூணு வருஷம் கழிச்சு வர்ற காலேஜுக்கு இன்னைக்கே இன்னா அவசரம்னான்.

எனக்கு வந்துதே கோவம். டேய், வெதை மல்லாட்டையை எப்படா எடுத்து வக்கற? ஏர் பூட்டற அன்னைக்கா? புடுங்கின அன்னைக்கே நல்லதாப் பொறுக்கி, காய வச்சு, பானையில போட்டு, வேப்பெலை போட்டு மூடறியே, அதுக்கு மட்டும் அவசரம் இருக்குதான்னேன். அதுக்கு அவன், நைனா, மல்லாட்டை வேற, பொட்டப்புள்ள வேற, பூவுல வரட்டும்ன்றான். இந்த ஆளோட நான் எங்க போயி முட்டிக்கறது?

அந்தப் பொண்ணா? அது அழுவல. அழுதாலாவது ரெண்டு அதட்டு அதட்டிட்டு எழுந்து போயிடலாம். லீவுல எவளோ ஒருத்தி கிட்ட ஒன்பதாவது கணக்குப் புக்கு வாங்கி வந்து, தானே போட்டுப் பாக்குது. போன மாசம் ஆட்டுக்குக் கால் ஒடைஞ்சுது. மூங்கிப் பத்தை வச்சு, என் பழைய வேட்டியக் கிழிச்சுக் கட்டுச்சு. என்னைக் கேக்கக்கூட இல்ல. அந்த ஆடுதான்யா இப்ப கோட்டை மதில் மேல ஏறி நிக்குது, புடிக்க முடியல.

அவங்க அம்மா இன்னா சொல்றாளா? வள்ளியம்மாளையா கேக்குற? நல்லா கேட்ட. கதவு மூலையில நிப்பா. புருஷன் சொன்னாலும் சரி, மாமனார் சொன்னாலும் சரி. பெத்த பொண்ணுக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாதா? இன்னைக்கு விடிஞ்சதுலேருந்து ஆளையே காணோம். வேண்டுதலாம், கோயிலைக் கூட்டிப் பெருக்கணுமாம். எனக்குக் கூழு கரைச்சுக் குடுக்க ஆளில்ல. வெறும் வயித்தோட மலையடிக்கு நடந்து வந்திருக்கறேன்.

எதுக்கு வந்தேன்னா கேக்குற? இவ்வளவு நேரம் இன்னாத்தைச் சொன்னேன்? சாயங்காலம் பொட்டலம் மடிப்ப இல்ல, ரெண்டுலயும் வெள்ளைப் பூவே வச்சுடு.

காதுல சரியாத்தான் விழுந்துது உனக்கு. வெள்ளரளி. ரெண்டுலயும். பொண்ணு எதை எடுத்தாலும் கணக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காத, கெணத்துல போட்டுடு. துரைக்கண்ணு காட்டுன்னு கேப்பான், சந்தேகக்காரன். ஆத்தா தள்ளினதைப் பாக்கக் கூடாதுன்னு கொஞ்சம் கண்ணை உருட்டு, அடங்கிடுவான்.

பாவமா? என் கணக்குல எழுதச் சொல்லு. சாமி கண்ணைக் குத்துமா? ஒரு கண்ணுல ஏற்கெனவே பொரை. இருக்கறது ஒண்ணு. அதையும் எடுத்துக்கட்டும், பொண்ணு டாக்டராயி வந்து பாத்துக்கும்.

இன்னாத்துக்குய்யா சிரிக்கற? வயித்தெரிச்சல்ல பேசறேன், உனக்குச் சிரிப்பா இருக்குதா? அந்தத் தட்டை ஏன் இங்க தள்ற?

மடிச்சாச்சா? அதுக்குள்ளயா?

பிரி. ம். வெள்ளை.

அதையும் பிரி. இதுவும் வெள்ளையா?

யாரு சொல்லி மடிச்ச? கூட்டிப் பெருக்க வந்தவளா? பூவும் அவளே பறிச்சுக் குடுத்தாளா? போன வெள்ளிக்கெழமையே வந்து சொல்லி வச்சுட்டாளா!

நான் இன்னைக்குத்தான் வரேன்.

சரி, சரி. பாத்துக்கினே நிக்காத, மடி. தண்ணி தெளிச்சு வை, வாடிடப் போவுது. நான் வந்ததை அவகிட்ட சொல்லாத. எந்தப் பக்கம் போனா?

வீட்டுக்கா? அப்ப கூழு இருக்கும். வரேன்.