‘அன்பரசி வித்தியாசம்’ நாற்பத்தெட்டாயிரம்

என் பெயர் சவுரியப்பன், வயது 53, த/பெ. அருளப்பன். மாரண்டஹள்ளி பேட்டைத் தெருவில் குடியிருந்துகொண்டு, காளியப்பன் என்பவரின் சொட்டுநீர்ப் பாசனக் கடையில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதி வருகிறேன். ஊரில் என்னை வாய்த்துடுக்குக்காரன் என்பார்கள். கணக்குக்காரன் என்றும் சிலர் சொல்வதுண்டு.

கடந்த அக்டோபரில் சீனாவிலிருந்து நாற்பதாயிரம் டாலருக்குச் சரக்கு வந்தது. அன்றைய டாலர் விலையான 83 ரூபாய் 90 காசுக்குக் கணக்கில் ஏற்றினேன். அதன் பிறகு டிசம்பரில் பணம் அனுப்பும்போது டாலர் 85 ரூபாய் 10 காசாகிவிட்டது. கூடுதலாகப் போன நாற்பத்தெட்டாயிரம் யார் கைக்கும் போகவில்லை. டாலர் ஏறியதால் வந்த நஷ்டம். அதை அந்நியச் செலாவணி வித்தியாசம் என்று எழுத வேண்டும். கடையில் வேலை செய்யும் அன்பரசிதான் தினமும் செல்போனில் பார்த்து டாலர் விலையைச் சத்தமாகச் சொல்வார் என்பதால், கம்ப்யூட்டரில் ‘அன்பரசி வித்தியாசம்’ என்று தலைப்புப் போட்டேன். அதற்கு நான் மட்டும்தான் சிரித்தேன்.

அதன் பிறகு கடந்த ஞாயிறன்று பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தபோது முதலாளி போன் செய்து, “ஏங்க சவுரி, அதென்னங்க அன்பரசி வித்தியாசம் நாப்பத்தெட்டாயிரம்?” என்று கேட்டார். பக்கத்து இலைக்காரர்கள் கேட்கட்டும் என்று, “அதுங்களா, அந்தப் புள்ள முழுங்கிடுச்சுங்க” என்றேன். பந்தியில் சிரித்தார்கள். முதலாளி சிரிக்காதது எனக்குப் போனில் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் புகார் கொடுத்ததும், அன்பரசியை விசாரணைக்கு அழைத்ததும் தெரிந்து இன்று காலை காவல் நிலையத்துக்கு வந்தேன். அன்பரசியின் அப்பா மாதையன், கறவை மாட்டை விற்ற பணத்தை மஞ்சள் பையோடு மேசைமேல் வைத்து, “எடுத்துக்குங்க சாமி, புள்ளைய வூட்டுக்கு அனுப்புங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான் பில்லையும் வங்கிச் சீட்டையும் காட்டி, இரண்டு தேதிகளின் டாலர் விலையை விளக்கினேன். காளியப்பன் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்.

தலைப்பை இன்றே மாற்றிவிடுகிறேன் என்று அன்பரசியிடம் சொன்னேன். அதற்கு அவர், “கம்ப்யூட்டர்ல மாத்திருவீங்கண்ணா. மாட்ட வித்த எடத்துல எங்கப்பா என்ன காரணம் சொல்லிட்டு வந்தாரோ, அதப் போய் மாத்துவீங்களா?” என்று கேட்டார்.

மேலே எழுதியிருப்பது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நான் சொன்னதுதான், நடந்ததுதான். வேடிக்கைக்குச் சொன்னது இதில் ஒன்றுமில்லை.

(ஒப்பம்) அ. சவுரியப்பன்