மருதாணிப்பூத் தலகாணி

இல்ல அன்சார் தம்பி, கனமே கிடையாது. வேணா அந்தத் தராசுல மாட்டிப் பாருங்க. பாத்தீங்களா, முள்ளு அசையக்கூட இல்ல. உங்க பையில ஊறுகா பாட்டிலுக்கெல்லாம் எடம் இருக்கு, ஒரு தலகாணிக்கா இல்ல? நீங்க போற கத்தார்லதானே எம்மவன் சித்தீக்கும் டிரைவரா இருக்கான். போன் போட்டா அவனே வந்து வாங்கிக்குவான்.

என்ன, உள்ள என்ன இருக்கா? கேக்கணும் தம்பி, நல்லாக் கேக்கணும். நாளைக்கு ஃப்ளைட் ஏறுறவரு, பள்ளிவாசத் தெரு கமருன்னிஸா குடுத்தாங்கன்னு எதையாவது வாங்கிட்டுப் போயி ஏர்போர்ட்ல மாட்டிக்கக் கூடாதுல்ல. இருங்க, பிரிச்சே காட்டுறேன். கத்திரி, ஊசி நூலு எல்லாம் கையோட கொண்டாந்திருக்கேன். எம்புள்ள சந்தேகப் பேர்வழின்னு உங்கம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க.

இந்தாங்க. எலவம்பஞ்சு கொஞ்சம், மிச்சமெல்லாம் மருதாணிப் பூ. எலைய அரச்சுக் கையில வைக்கிறோமே, அதே செடியோட பூவுதான். நெழல்ல காய வச்சது. மோந்து பாருங்க... இன்னும் கிட்டக்க. எப்படி இருக்கு? இதத் தலமாட்டுல வச்சுப் படுத்தா சூடு தணிஞ்சு நல்லாத் தூக்கம் வரும்பாங்க. தேங்காயெண்ணெயில போட்டுக் காய்ச்சியும் தலைக்குத் தேய்ப்பாங்க. எண்ணெய் பாட்டிலக் குடுத்தா நீங்க மொறைப்பீங்கன்னுதான் தலகாணியாத் தச்சேன். சித்தீக் வேல பாக்குற வீட்ல ராத்திரித் தூக்கமே இல்லையாம் தம்பி.

மோப்ப நாயா? வரட்டுமே. ரெண்டு தடவ மோந்துச்சுன்னா அதுவும் அங்கனயே சுருண்டு படுத்துக்கும்.

சிரிக்காதீங்க, சோதிச்சுப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். பக்கத்து வீட்டு நீலாம்பாக்கா வேலியில பூப் பறிச்சு, மொதத் தலகாணிய எங்க வீட்டு ஆளுக்கு வச்சேன். அவருக்குத் தெரியாமத்தான். மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சாஞ்சாரு. கரண்ட் போயி ஃபேன் நின்னுச்சு, மனுசன் அசையல. எங்க வயலுக்கு அறுப்பு மிஷின் வந்து, தடதடன்னு அறுத்து முடிச்சிட்டுத் திரும்பியும் போயிருச்சு. அப்புறம் எந்திரிச்சு, இன்னுமா மிஷின் வரலன்னு என்னையத் திட்டுறாரு!

ஆமா, உறையில ஜரிகை இருக்கு. டிரைவருக்கு எதுக்கு இவ்ளோ ஜோடனைன்னா... இருக்கட்டுமே தம்பி. அழகா இருக்குல்ல?

அப்படியா? போன மாசம் நேர்லயே பாத்தீங்களா? எங்க? பார்க்கிங்லயா? பட்டப்பகல்ல, கார்லயே கொறட்ட விட்டுக்கிட்டு... ம். எம்புள்ளையேதான். சின்னப்புள்ளையில சோத்துக் கையோடயே தூங்கிருவான்.

சரி, நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு புரியுது. இப்படித் தூங்குறவனுக்குத் தலகாணி எதுக்குன்னுதானே? அவனுக்குன்னு நான் எப்பத் தம்பி சொன்னேன்?

அந்த வீட்டுப் பெரியவருக்கு. மொதலாளி அரபிக்குத்தான். பொஞ்சாதி மவுத்தாப் போயிச் சேர்ந்ததுலேர்ந்து மனுசன் கண்ணு மூடலையாம். ராத்திரியானா, சித்தீக், வண்டிய எடுன்னுருவாராம். கடலோரமாவே சுத்திச் சுத்தி வந்துட்டு, விடியக்காலம் ஃபஜ்ரு பாங்கு சொல்றப்பதான் எறங்குறாராம். பாவம், அவரக் குத்தம் சொல்ல முடியுமா? ஆனா விடிஞ்சா பேரப்புள்ளைங்கள ஸ்கூல்ல விடணும், இவன்தான் ஓட்டணும். நேத்து சிக்னல்ல நின்னப்பவே கண்ணு சொருகிருச்சாம். பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சானாம். அதச் சிரிச்சுக்கிட்டே சொல்றான் தம்பி. எனக்குத்தான் சிரிப்பு வரல. அந்தப் பெரியவரு தூங்குனாத்தான் எம்புள்ள தூங்குவான்.

எடுத்துட்டுப் போறீங்களா? அல்லா உங்கள நல்லா வைப்பான்.

அட இருங்க, அதுக்குள்ள பையில வைக்காதீங்க. கொண்டாந்த மிச்சப் பூவுல இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டுத் தச்சிடுறேன். ஆளு நல்ல வாட்டசாட்டமாம்.