ஒத்தைச் செருப்புக்கு ஒரு பதில்

மாமியார்: கையை எடு. அதை அழிச்சிடாதே.

மருமகள்: அழிக்கல அத்தை. திருத்தறேன். அவ்வளவுதான்.

மாமியார்: என்னத்தைத் திருத்தற? என் பிள்ளை எழுதினதுல என்ன தப்பு?

மருமகள்: தப்புன்னு யார் சொன்னா? அவரோட வலைப்பூவுல, இதோ, இந்த ஓரத்துல 'என்னைப் பற்றி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. புதுசா வர்றவங்க முதல்ல இதைத்தான் படிப்பாங்க.

மாமியார்: இரு, நானும் படிக்கறேன். கண்ணாடியை எங்க வச்சேன்...

மருமகள்: தலையில.

மாமியார்: சரி, நீயே படி.

மருமகள்: 'லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலே போகிறேன், கீழே வருகிறேன். இருந்தும் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். என் அம்மா நன்றாகத் திட்டுவார். என் மனைவி நன்றாகச் சிரிப்பார். வேலைக்குப் போகிற இடங்களில் பார்க்கும் மனிதர்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.'

மாமியார்: திட்டுவேனாமா! நான் எப்ப அவனை...

மருமகள்: தினமும்.

மாமியார்: அதுக்குப் பேரு திட்டா? பேச்சு. ...ஃபோட்டோவுல உன்னை வெட்டிட்டுப் போட்டிருக்கான் பாரு. தோள் மட்டும் தெரியுது.

மருமகள்: அந்த ஒரு படத்துலதான் அவர் கண்ணை மூடாம நின்னார்.

மாமியார்: ம்... அந்தப் பெரியவரைப் பத்தி எழுதினானே, அது இருக்கா இதுல?

மருமகள்: பேச ஆளில்லாம லிஃப்ட்ல ஏறி இறங்கிட்டே இருப்பாரே, அவரா? இருக்கு. வேலை முடிஞ்சப்புறமும் இவரும் கூடவே ஏறி இறங்கினாராம். அதைத்தான் நிறைய பேர் படிச்சிருக்காங்க.

மாமியார்: அன்னைக்கு லேட்டா வந்தான்னு நான் திட்டினேன்.

மருமகள்: விடுங்க. மழைக்கு முன்னாடி போனவர். இங்க வர்றவங்க இன்னமும் 'ஏன் சார் எழுதல, வேலை அதிகமா'ன்னு கேக்கறாங்க. 'வேலை பார்க்கறப்ப லிஃப்ட் குழியில விழுந்து இறந்துட்டார்'னு ரெண்டு வரி போட்டுட்டு, மூடிடலாம்.

மாமியார்: இன்னைக்கேவா?

மருமகள்: இன்னைக்குத்தான் நேரம் இருக்கு.

மாமியார்: அப்படி என்ன அவசரம்? விடிஞ்சதுலேருந்து பார்க்கறேன். அவன் சட்டையெல்லாம் எடுத்து வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்ட. என் மாத்திரையை வேளை வேளைக்குப் பொட்டலமா கட்டி, காலை, மத்தியானம்னு எழுதி வச்சிருக்க.

மருமகள்: அக்கா வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன். நான் இல்லாதப்ப நீங்க மாத்திப் போட்டுக்கக் கூடாதில்ல?

மாமியார்: அக்காகிட்ட சொல்லிட்டியா?

மருமகள்: ...சொல்லணும்.

மாமியார்: ம்.

மருமகள்: அத்தை, மௌஸைக் குடுங்க.

மாமியார்: தரமாட்டேன். நீ கோபப்பட்டாலும் பரவாயில்ல, ஒண்ணு சொல்றேன். இங்க, அவன் எழுதினதுக்குக் கீழ, ஒரு பொண்ணு எழுதறா.

மருமகள்: எந்தப் பொண்ணு?

மாமியார்: 'ஒத்தைச் செருப்பு'ன்னு பேரு வச்சிருக்கா. வைக்கற பேரைப் பாரு! அதை அமுக்கினா அவளோட பக்கம் வருது. படம் இல்ல, ஊர் இல்ல. 'என்னைப் பற்றி'ங்கற எடத்துல 'சொல்ல ஒன்றும் இல்லை'ன்னு போட்டிருக்கா. சொல்ல ஒண்ணுமே இல்லாத மனுஷி உலகத்துல உண்டா?

மருமகள்: பொண்ணுன்னு எப்படித் தெரியும்? ஆம்பளையாக்கூட இருக்கலாம்.

மாமியார்: ஆம்பளைக்குத் தலைவலின்னாலே வீட்டையே ரெண்டாக்குவான். இவ 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்'னு ஆரம்பிச்சு, 'காலையில கண் முழிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்'னு முடிக்கறா.

மருமகள்: ...எத்தனையோ பேர் சும்மா எழுதுவாங்க.

மாமியார்: அது சும்மா எழுதினது இல்ல. அதான் நான் பதில் போட்டேன்.

மருமகள்: நீங்களா?

மாமியார்: தமிழ்ல தட்ட அவன் கத்துக் குடுத்தானே. ஒரே விரல்தான். நீ ரூமுக்குள்ள போனதும் இங்க வந்து உக்காருவேன்...

மருமகள்: அவர் பேர்லயா! செத்துப்போன மனுஷன் பேர்ல... பொய் இல்லையா அத்தை? ரெண்டு வேளையும் சாமி கும்பிடறீங்க.

மாமியார்: கும்பிட்டுட்டுத்தான் தட்டுவேன். 'இந்தப் பாவத்தை என் தலையில போட்டுடு, அந்தப் பொண்ணை மட்டும் விட்டுடு'ன்னு சொல்லிட்டுத்தான்.

மருமகள்: அப்படி என்ன எழுதினீங்க?

மாமியார்: பெரிசா எனக்கு என்ன தெரியும்? 'கண்ணு, சாப்பிட்டியா'ன்னு கேப்பேன். அப்புறம் ஒரு வேலை குடுப்பேன். 'நாளைக்குக் காலையில உங்க தெருவுல எந்தக் கடை முதல்ல திறக்குதுன்னு பார்த்துச் சொல்லு'ன்னு.

மருமகள்: இதெல்லாம் ஒரு வேலையா!

மாமியார்: பார்க்கணும்னா எழுந்திருக்கணுமில்ல? மறுநாள் எழுதினா. 'மருந்துக்கடை. ஷட்டரை உதைச்சுத்தான் திறந்தார்'னு. எனக்குப் போன உயிர் வந்துது. அடுத்த நாள் பஸ் டிரைவருக்கு மீசை இருக்கான்னு கேட்டேன். அதுக்கடுத்த நாள், எதிர் மாடியில என்ன துணி காயுதுன்னு... கேக்கறதுக்கா பஞ்சம்?

மருமகள்: ஓடற பஸ்ல மீசையைப் பார்க்கறதுன்னா... கழுத்து வலிச்சிருக்கும், பாவம்.

மாமியார்: வலிக்கட்டும். உயிரோட இருந்தாத்தானே வலிக்கும்.

மருமகள்: அத்தை... அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.

மாமியார்: என்ன தெரிஞ்சிருக்கும்?

மருமகள்: எழுதறது அவர் இல்லேன்னு. அவர் யாரையும் 'கண்ணு'ன்னு கூப்பிட்டதே இல்ல. சாப்பிட்டியான்னு கேக்கவும் மாட்டார். அவரே சாப்பிட மறக்கற ஆளு. முன்னாடி எழுதினதையெல்லாம் படிச்சவங்களுக்கு முதல் பதில்லயே தெரிஞ்சு போயிருக்கும்.

மாமியார்: தெரிஞ்சும் எழுதினாளா? அப்ப அவ அவன்கிட்ட பேசல. என்கிட்டதான் பேசியிருக்கா.

மருமகள்: ...மௌஸைக் குடுங்க அத்தை. ப்ளீஸ்.

மாமியார்: தரேன். ஆனா அவனோட கட்டத்துல எழுத வேண்டாம். அவளோடதுல எழுது. நான் சொல்லச் சொல்லத் தட்டு.

மருமகள்: அவளோடதுல நாம எப்படி எழுத முடியும்? அவதான் எழுத முடியும்.

மாமியார்: அப்ப சும்மா கேளு. 'மாடிப்படியில யாராவது பையைத் தூக்கிட்டு வந்தா வாங்கிப்பேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல்னா நான் தூங்கமாட்டேன். அழணும்னா குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன், யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு.' இவ்வளவு இருக்கு சொல்ல. ஒண்ணும் இல்லியாம்.

மருமகள்: படம் இல்ல, ஊர் இல்லன்னீங்க. இதெல்லாம் எப்படித் தெரியும்?

மாமியார்: ...ஒரு ஊகம்தான். நேத்து சாயங்காலம் எழுதினா. 'இனிமே எழுதமாட்டேன். இத்தனை நாள் கேட்டதுக்கு நன்றி'ன்னு. நான் என்னென்னவோ தட்டிப் பார்த்தேன். பதிலே இல்ல. இப்ப நீயும் இதை மூடிட்டா, அவ மனசு மாறித் திரும்பி வந்தா எங்க வருவா?

மருமகள்: வரமாட்டா. களைச்சுப் போயிருப்பா அத்தை. வீட்டுல இருக்கறவங்களுக்கு நாம பாரம்னு தோணியிருக்கும். நம்ம முகத்தைப் பார்க்கறப்பல்லாம் அவங்களுக்குப் போன பிள்ளை ஞாபகம்தான் வரும்னு...

மாமியார்: வரட்டுமே. அந்த ஞாபகத்தை நான் வேற யார்கிட்ட பேசுவேன்?

மருமகள்: ...நான் அவளைப் பத்திச் சொன்னேன்.

மாமியார்: நானும் அவளைப் பத்தித்தான் சொல்றேன்.

மருமகள்: அவ எழுதவே இல்லேன்னா என்ன பண்ணுவீங்க? ஊர் தெரியாது, முகம் தெரியாது. எங்கேன்னு போய்த் தேடுவீங்க?

மாமியார்: தேடவே வேண்டாம்மா. நான் பதில் அனுப்பறப்பல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம் உன் ஃபோன்தான் அடிக்குது. நேத்து ராத்திரி பூரா உன் ரூம் கதவுக்கு வெளியிலதான் படுத்துக் கிடந்தேன்... இன்னைக்குத் தாழ்ப்பாள் போடாதே.